நிரலைக் கொடுக்கலாம், பெயரைக் கொடுக்கக் கூடாது

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். ஏழு பேர் கொண்ட நிறுவனம் உங்களுடையது. பள்ளி, கல்லூரிகள் இணையவழியில் பாடம் நடத்தவும் தேர்வு வைக்கவும் ஒரு மென்பொருள் செய்திருக்கிறீர்கள். உள்ளூரில் ஓரளவு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுக்கும் போக ஆசை, ஆனால் அங்கே அலுவலகம் போடவோ விற்பனைக்கு ஆள் வைக்கவோ பணமில்லை. "ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டுவிடு, தானாகப் பரவும்" என்று ஒரு நண்பர் சொல்கிறார். நிரலை, அதாவது மென்பொருளின் மூலக் கட்டளைகளை, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் திறந்துவிடுவதுதான் ஓப்பன் சோர்ஸ். இலவசமாகக் கொடுத்துவிட்டால் அப்புறம் எதை விற்பது என்பது உங்கள் பயம்.

நண்பர் சொல்வதில் பாதி சரி. பரவும், ஆனால் தானாகப் பரவாது. முன்பின் தெரியாத ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் ஏன் தூக்க வேண்டும், தூக்கிப் போன பிறகு உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்தால் போதும். நான் பல வருடங்களாக மூடுல் என்ற கற்றல் மென்பொருளை நிறுவுவதும் திருத்துவதுமாக இருப்பவன். அதன் கதையிலேயே உங்களுக்கான பதில் பெரும்பாலும் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த் நகரம். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் தெரியும், பக்கத்துப் பெரிய நகரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அங்கே கர்ட்டின் பல்கலைக்கழகத்தில், வெப்சிடி என்ற காசு கொடுத்து வாங்கிய கற்றல் மென்பொருளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார் மார்ட்டின் டூகியாமாஸ். பாலைவனத்துக்கு நடுவே வார்பர்ட்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். ‘ஸ்கூல் ஆஃப் தி ஏர்’ என்னும் வானொலிப் பள்ளியில் படித்தவர். ஆசிரியர் எங்கோ, மாணவர் எங்கோ, நடுவில் சிற்றலை வானொலி. தொலைவில் இருந்து படிப்பது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வெப்சிடி மேல் இருந்த அதிருப்தியில் தானே ஒன்றை எழுதத் தொடங்கினார். 2002 ஆகஸ்ட் 20 அன்று மூடுல் 1.0 வெளிவந்தது, ஜிபிஎல் உரிமத்தில். அதாவது யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், திருத்தலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். திருத்தியதைக் கொடுக்கும்போது அதே உரிமத்திலேயே கொடுக்க வேண்டும்.

இன்று 200-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் நிலப்பகுதிகளிலும் மூடுல் தளங்கள் பதிவாகியிருக்கின்றன. பெர்த்திலிருந்து ஆள் அனுப்பி இதைச் செய்திருக்க முடியாது.

முதல் காரணம் மிகச் சாதாரணமானது. பிஎச்பி என்ற நிரல் மொழி, மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம் என்று அந்தக் காலத்தில் மலிவான ஹோஸ்டிங் (இணையத்தளத்துக்கு வாடகைக்கு விடும் சர்வர் இடம்) எல்லாவற்றிலும் கிடைத்த சாமான்களில் அதை எழுதியிருந்தார்கள். கல்லூரியில் ஒரே ஒரு ஆசிரியருக்கு ஆர்வம் இருந்தால் போதும். மாதம் சில டாலருக்கு இடம் எடுத்து, ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து நிறுவி, திங்கட்கிழமை தன் வகுப்புக்குப் பயன்படுத்திவிடலாம். கொள்முதல் குழு, டெண்டர், முதல்வர் கையெழுத்து எதுவும் வேண்டாம். இரண்டு பருவம் ஓடிய பிறகு பக்கத்துத் துறை கேட்கும், அப்புறம் கல்லூரியே கேட்கும். விற்பனையாளர் வாசலில் காத்திருக்க வேண்டிய இடத்தில், மென்பொருள் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கும். வெளிநாட்டில் உங்களுக்கு யாரையும் தெரியாது என்பதுதானே பெரிய தடை? அந்த ஊர் ஆசிரியருக்கு அந்த ஊரில் எல்லோரையும் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. காசுக்கு விற்கும் கற்றல் மென்பொருளில் வழக்கமான விலை, மாணவர் ஒருவருக்கு வருடத்துக்கு இவ்வளவு டாலர் என்ற கணக்கு. பணக்கார நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அது பட்ஜெட்டில் ஒரு வரி. நாணய மதிப்பு சரிந்துகொண்டே இருக்கும் ஒரு நாட்டில், மாணவர் எண்ணிக்கை ஏறினால் செலவும் ஏறும் என்பது வாசலிலேயே நிற்கும் சுவர். உரிமக் கட்டணம் இல்லாத மென்பொருளுக்கும் செலவு உண்டு. ஆனால் அந்தச் செலவு அந்த ஊர்ச் சம்பளத்தில், அந்த ஊர் ஆளுக்கு, அந்த ஊர்ப் பணத்தில் போகிறது. இது உங்களுக்கு வருமானம் குறைவதுபோல் தோன்றும். உண்மையில், டாலர் விலை வைத்திருந்தால் அந்த நாட்டில் உங்களுக்கு வருமானமே இருந்திருக்காது.

அடுத்தது மொழிபெயர்ப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் உள்ள நிறுவனங்கள்கூடத் தடுக்கி விழும் இடம் இதுதான்.

மூடுலில் திரையில் தெரியும் ஒவ்வொரு சொல்லும் நிரலுக்குள் இல்லாமல் தனிக் கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பொதி. உலகத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் ஒருவர் தளத்துக்கு வந்து, ஒரு சொற்றொடரை மொழிபெயர்த்து அனுப்பலாம். அந்த மொழிக்குப் பொறுப்பானவர் பார்த்து ஏற்றுக்கொள்வார். இப்படி 100-க்கும் மேற்பட்ட மொழிகளில் பொதிகள் உருவாகியிருக்கின்றன. தமிழ்ப் பொதியும் உண்டு. நியூசிலாந்தின் மாவோரி மொழிக்கும், ஸ்பெயினின் கத்தலானுக்கும் உண்டு. எந்த வணிக நிறுவனமாவது மாவோரிக்கு மொழிபெயர்க்கப் பணம் ஒதுக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தால் கட்டுபடியாகாது. ஆனால் அந்த மொழியில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு அது கட்டுபடியாகும் விஷயமா என்ற கேள்வியே எழாது. தன் மாணவர்கள் தன் மொழியில் திரையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவர் உட்கார்ந்து செய்வார்.

ஆனால் அவர் செய்வதற்கு உங்கள் நிரல் இடம் கொடுக்க வேண்டும். ஒரு சின்ன உதாரணம். "உங்களிடம் 5 கோப்புகள் உள்ளன" என்று திரையில் காட்ட வேண்டும். அவசரத்தில் எழுதுகிறவர் முன்பாதி ஒரு சொற்றொடர், நடுவில் எண், பின்பாதி ஒரு சொற்றொடர் என்று ஒட்டிவிடுவார். ஆங்கிலத்தில் சரியாகத் தெரியும். போலிஷ் மொழிக்குப் போனால் உடைந்துவிடும். அங்கே ஒரு கோப்பு என்றால் ‘பிளிக்’, இரண்டு என்றால் ‘பிளிக்கி’, ஐந்து என்றால் ‘பிளிக்குஃப்’, இருபத்திரண்டு என்றால் மறுபடியும் ‘பிளிக்கி’. அரபியில் பன்மை விதி ஆறு வகை. ஜப்பானியத்தில் எண்ணுக்காகச் சொல் மாறவே மாறாது. வாக்கியத்தை மூன்று துண்டாக வெட்டிக் கொடுத்தால் எந்த மொழிபெயர்ப்பாளராலும் ஒன்றும் செய்ய முடியாது. முழு வாக்கியத்தையும் ஒரே துண்டாக, எண்ணுக்கு ஓர் இடம் விட்டுக் கொடுக்க வேண்டும். எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்பதை யூனிகோடு அமைப்பின் சிஎல்டிஆர் என்ற மொழி விவரத் தரவு ஏற்கெனவே தொகுத்து வைத்திருக்கிறது, அதுவும் இலவசம்தான். நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

என் வேலையில் நடந்தது ஒன்று. வளைகுடா நாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு அரபியில் திரையை மாற்றிக் கொடுத்தோம். எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாக ஒழுங்காக வந்தது. நாங்கள் சேர்த்திருந்த முன்னேற்றப் பட்டை மட்டும் இடமிருந்து வலமாக நிரம்பிக்கொண்டிருந்தது. ‘அடுத்த பாடம்’ பொத்தானின் அம்பு, அரபி படிக்கிறவர்களுக்கு முந்தைய பாடத்தைக் காட்டியது. எங்கள் அறையில் இருந்த யார் கண்ணிலும் அது படவில்லை. அந்தக் கல்லூரியின் கணினி ஆசிரியர் ஒருவர் கண்டுபிடித்து, திரையின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் பாணிக் கோப்பில் நாலு வரி திருத்தி எங்களுக்கே அனுப்பிவைத்தார். நிரல் மூடியிருந்திருந்தால் அவர் புகார் எழுதியிருப்பார், நாங்கள் புரிந்துகொள்ள ஒரு வாரம், திருத்த ஒரு வாரம் ஆகியிருக்கும். திறந்திருந்ததால் எங்களுக்குத் தெரியாத ஒன்றை எங்களுக்காக அவர் செய்து முடித்தார். வெளிநாட்டில் உங்களுக்குத் தெரியாதவை இப்படி நூறு இருக்கும். பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா, வாரம் ஞாயிறில் தொடங்குமா திங்களில் தொடங்குமா, மதிப்பெண் 20-க்கா 100-க்கா என்று. எல்லாவற்றுக்கும் ஆலோசகர் வைக்க உங்களால் முடியாது.

சரி, பணம் எங்கிருந்து வரும்?

மூடுல் நிறுவனம் இதற்குக் கண்ட வழி எளிமையானது. நிரல் எல்லோருக்கும் சொந்தம். ‘மூடுல்’ என்ற பெயர் மட்டும் பதிவு செய்யப்பட்ட வணிக முத்திரை, அது நிறுவனத்துக்குச் சொந்தம். நிரலை எடுத்து யாரும் ஹோஸ்டிங் விற்கலாம், பயிற்சி கொடுக்கலாம். ஆனால் அந்தப் பெயரை முன்னால் போட்டு அந்தச் சேவைகளை விற்க வேண்டுமானால் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற நிறுவனங்களுக்கு ‘மூடுல் பார்ட்னர்’ என்று பெயர். பல நாடுகளில் அந்தந்த நாட்டு ஆட்கள் நடத்தும் நிறுவனங்கள் அவை. உள்ளூர் மொழியில் பேசுவார்கள், உள்ளூர் வரிச்சட்டம் தெரிந்து பில் போடுவார்கள், டெண்டரில் கலந்துகொள்வார்கள், அதிகாலை மூன்று மணிக்கு சர்வர் விழுந்தால் போனை எடுப்பார்கள். தங்கள் வருமானத்தில் ஒரு பங்கைத் தலைமையகத்துக்குக் கொடுப்பார்கள். பல வருடம் மைய நிரலை எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் பெரும்பாலும் அந்தப் பங்கிலிருந்துதான் வந்தது.

யோசித்துப் பாருங்கள், இது அலுவலகம் போடாமலேயே வெளிநாட்டில் அலுவலகம் இருப்பதுபோல. அந்தப் பார்ட்னர் உங்களை நம்பித் தொழிலில் இறங்குவதற்கும் ஓப்பன் சோர்ஸ்தான் காரணம். மூடிய மென்பொருளுக்கு டீலராக இருப்பவர் எப்போதும் பயந்துகொண்டே இருப்பார். நாளைக்கு நிறுவனம் விலையை ஏற்றினால்? நேரடியாக விற்க வந்துவிட்டால்? நிரல் தன் கையிலும் இருக்கும்போது அந்தப் பயம் பாதியாகக் குறைகிறது. தைரியமாக ஆள் சேர்ப்பார், முதலீடு செய்வார்.

பெரிய வாடிக்கையாளர்களுக்கும் அதே தைரியம் வரும். பிரிட்டனின் ஓப்பன் யூனிவர்சிட்டி, தொலைநிலைக் கல்வியில் உலகப் புகழ் பெற்றது, 2005-இல் மூடுலைத் தேர்ந்தெடுத்தது. அங்கே சொந்தமாக நிரலாளர்கள் இருந்தார்கள். தங்களுக்கு வேண்டியதை அவர்களே எழுதி மைய நிரலுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று மூடுலில் இருக்கும் வினாடி வினாப் பகுதியின் முக்கியமான மேம்பாடுகள் அங்கிருந்து வந்தவை. ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் உங்கள் பொறியாளர் குழுவை விரிவாக்கித் தருவது வேறு எந்த வியாபாரத்தில் நடக்கும்? ஸ்பெயினிலும் பல்கலைக்கழகங்கள் ஏராளமாக ஏற்றுக்கொண்டன. பின்னாளில் மூடுல் தன் ஐரோப்பிய அலுவலகத்தை பார்சலோனாவில் வைத்தது. முதலில் பயன்படுத்துகிறவர்கள் சேர்ந்தார்கள், அலுவலகம் அப்புறம் வந்தது. வெளியிலிருந்து பெரிய முதலீடு, 60 லட்சம் டாலர், வந்ததே 2017-இல்தான், முதல் வெளியீட்டுக்குப் பதினைந்து வருடம் கழித்து.

இப்போது நம்பிக்கையைப் பற்றி. சிறிய நிறுவனத்துக்கு வெளிநாட்டில் இதுதான் மிகப் பெரிய தலைவலி. பல வருடங்களுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியோடு இணையத்தில் பேசிக்கொண்டிருந்தோம். செயல்விளக்கம் நன்றாகப் போனது, எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசியில் பதிவாளர், வயதான அம்மா, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் கம்பெனியில் எத்தனை பேர்?" சொன்னோம். "நாளைக்கு நீங்கள் கடையை மூடிவிட்டால் என் பிள்ளைகளின் மதிப்பெண்கள் எங்கே போகும்?" நியாயமான கேள்வி. ஒரு மாணவியின் மதிப்பெண் பட்டியலைப் பத்து வருடம் கழித்தும் எடுத்துக் கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. பெரிய நிறுவனம் என்றால் தன் வயதைக் காட்டும், கிளைகளைக் காட்டும். எங்களிடம் காட்ட ஒன்றும் இல்லை. நாங்கள் கொடுக்க முடிந்த பதில் இதுதான்: மென்பொருள் முழுவதும் உங்கள் சர்வரில் இருக்கும், நிரல் உங்களிடம் இருக்கும், தரவுத்தளம் உங்கள் அறையில் இருக்கும். நாங்கள் இல்லாவிட்டாலும் உங்கள் ஊரிலேயே மூடுல் தெரிந்த ஆளைப் பிடிக்கலாம். அவர் தன் ஊர்க்காரர் ஒருவரை அழைத்து அது உண்மைதானா என்று கேட்டார். அந்த ஆள் ஆமாம் என்றார். அடுத்த மாதம் வேலை தொடங்கியது.

ஐரோப்பாவில் இதே கேள்வி சட்ட மொழியில் வரும். 2018 மே மாதம் முதல் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அங்கே நடைமுறையில் இருக்கிறது. 2020 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம், அமெரிக்காவுக்குத் தனிநபர் தரவை அனுப்ப வழி செய்த ‘பிரைவசி ஷீல்டு’ ஏற்பாட்டைச் செல்லாது என்று அறிவித்தது. கொரோனாவால் வகுப்புகளெல்லாம் இணையத்துக்கு மாறியிருந்த நேரம் அது. ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களும் பள்ளிகளும் பிக்புளூபட்டன் என்ற காணொளி வகுப்பு மென்பொருளைத் தங்கள் சொந்த சர்வர்களில் நிறுவிக்கொண்டன. அது 2007-இல் கனடாவின் ஒட்டாவாவில், கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம். அதற்குப் பின்னால் இருப்பது பிளைண்ட்சைடு நெட்வொர்க்ஸ் என்ற சின்ன நிறுவனம். தரவு எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டால், "நீங்கள் வைக்கிற நாட்டில்" என்று பதில் சொல்ல அவர்களால் முடிந்தது. 2022-இல் மூடுல் 4.0 வந்தபோது பிக்புளூபட்டன் அதற்குள்ளேயே சேர்ந்து வந்தது.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள், ஏழு பேர் கொண்ட உங்களுக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். மூடுல்போல ஒரு முழு அமைப்பை இன்று புதிதாக உலகம் முழுக்கக் கொண்டுபோவது கடினம், அந்த இடம் நிரம்பிவிட்டது. ஏற்கெனவே உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் மேல் ஏறிப் போவது உங்களால் முடியும்.

ஹெச்5பி என்ற பயிற்சிக் கருவி அப்படிப் போனது. நார்வேயில் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே டிராம்சோ என்ற ஊர். அங்கே ஜூபெல் என்ற சிறு நிறுவனம். நார்வே மாவட்ட நிர்வாகங்கள் மேல்நிலைப் பள்ளிகளுக்காக நடத்தும் என்டிஎல்ஏ என்ற திறந்த பாடத் திட்டத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். காணொளியின் நடுவே கேள்வி வருவது, படத்தின் மேல் சொல்லை இழுத்துப் போடுவது போன்ற பயிற்சிகளை ஆசிரியரே செய்துகொள்ள ஒரு கருவி தேவைப்பட்டது. அதைச் செய்து ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டார்கள். தனித் தளமாக விற்க முயலாமல், இணையத்தளம் நடத்த உதவும் ட்ரூபல், வேர்ட்பிரஸ், அவற்றோடு மூடுல் என மூன்றுக்கும் பிளகினாக, அதாவது அவற்றில் செருகிக்கொள்ளும் துணை நிரலாகக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஆசிரியர்கள் ஏற்கெனவே நடமாடும் வீதி. நார்வே ஐம்பது லட்சத்துச் சொச்சம் பேர் உள்ள நாடு, நார்வே மொழியிலேயே நின்றிருந்தால் கருவி அங்கேயே முடிந்திருக்கும். 2019-இல் மூடுல் 3.8 ஹெச்5பியைத் தன் மைய நிரலில் சேர்த்துக்கொண்டது. அதற்குள் ஜூபெல், நிறுவத் தெரியாதவர்களுக்கும் விரும்பாதவர்களுக்கும் காசுக்குத் தனிச் சேவை ஒன்றை நடத்தத் தொடங்கியிருந்தது. கல்லூரிகள் எந்தக் கற்றல் அமைப்பை வைத்திருந்தாலும் எல்டிஐ என்ற பொதுத் தரத்தின் வழியாக அதை இணைத்துக்கொள்ளலாம். 2024-இல், கற்றல் மென்பொருள் விற்கும் கனடாவின் டி2எல் நிறுவனம் ஹெச்5பியை வாங்கியது. இலவசக் கருவியை வாங்க ஏன் பணம் கொடுத்தார்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஹெச்5பி என்ற பெயரை உலகம் முழுக்க ஆசிரியர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள், அதைச் செய்த ஆட்களும் அங்கே இருந்தார்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். பயப்பட நியாயமான காரணங்கள் இருக்கின்றன, மறைக்க விரும்பவில்லை.

நீங்கள் எழுதியதை உங்களைவிடப் பெரியவர் எடுத்து விற்கலாம். பார்ட்னரும் உங்கள் கையைவிட்டுப் போகலாம். 2012-இல், காசுக்கு விற்கும் கற்றல் மென்பொருளில் பெரிய நிறுவனமான பிளாக்போர்டு, அமெரிக்காவின் மூடுல்ரூம்ஸையும் ஆஸ்திரேலியாவின் நெட்ஸ்பாட்டையும் வாங்கியது. இரண்டுமே மூடுல் பார்ட்னர்கள். மூடுலுக்குப் போட்டியான நிறுவனமே மூடுலுக்கு வருமானத்தில் பங்கு கொடுக்கும் பார்ட்னராக ஆனது. 2018-இல் அந்த உறவு முடிந்தது. வருமானத்தை ஒன்றிரண்டு பார்ட்னர்கள் மேல் சாய்த்து வைக்கக் கூடாது என்று நான் கற்றுக்கொண்டது அதைப் பார்த்துத்தான். நியூசிலாந்தில் டோட்டாரா என்ற பெயரில், மூடுல் நிரலிலிருந்து நிறுவனங்களின் ஊழியர் பயிற்சிக்கான தனி மென்பொருள் கிளைத்தது. உரிமம் அதை அனுமதிக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் கிளைத்தவர்கள் ‘மூடுல்’ என்ற பெயரைத் தங்கள் தயாரிப்புக்கு வைத்துக்கொள்ள முடியவில்லை, புதுப் பெயரைப் புதிதாகவே வளர்க்க வேண்டியிருந்தது. பெயர் உங்களிடம் இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

உரிமத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் பாதுகாப்பு உண்டு. உங்கள் மென்பொருள் பெரும்பாலும் இணையச் சேவையாகத்தான் ஓடும் என்றால் ஏஜிபிஎல் உரிமத்தைப் பாருங்கள். ஒருவர் நிரலைத் திருத்தி, இறக்கிக் கொடுக்காமல் சேவையாக மட்டும் நடத்தினாலும், திருத்தியதைப் பயனருக்குத் திறந்து காட்ட வேண்டும் என்பது அதன் விதி. அமெரிக்காவின் இன்ஸ்ட்ரக்சர் நிறுவனம் 2011-இல் கேன்வாஸ் என்ற தன் கற்றல் மென்பொருளை இந்த உரிமத்தில்தான் வெளியிட்டது. பிறகு நிறுவனம் பங்குச் சந்தைக்கே போனது. மாறாக, உங்களுடையது மற்ற அமைப்புகளில் பொருந்த வேண்டிய சிறு கருவி என்றால் எம்ஐடி போன்ற தளர்வான உரிமம் நல்லது. ஆனால் மூடுலுக்குப் பிளகின் எழுதினால் அந்தப் பகுதி ஜிபிஎல்லோடு ஒத்துப்போக வேண்டும், இதை முதலிலேயே ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். வெளியாட்கள் நிரல் அனுப்பத் தொடங்கும் முன்பே, அவர்கள் அனுப்புவதை எந்த உரிமத்தில் ஏற்கிறீர்கள் என்று எழுதி வைத்துவிடுங்கள். முந்நூறு பேர் அனுப்பிய பிறகு உரிமத்தை மாற்ற நினைத்தால் முந்நூறு பேரையும் தேட வேண்டும்.

இன்னொரு செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இலவசமாகப் பயன்படுத்துகிறவர்களும் கேள்வி கேட்பார்கள். பாதுகாப்பு ஓட்டை ஒன்று தெரிந்தால், காசு கொடுத்தவர் கொடுக்காதவர் எல்லோருக்கும் அன்றைக்கே திருத்தம் வெளியிட வேண்டும், ஏனென்றால் அதற்குள் மாணவர்களின் தரவு இருக்கிறது. உங்கள் ஏழு பேரில் ஒருவர் முழு நேரமும் இதற்குத்தான் என்று ஒதுக்க முடியாவிட்டால் வெளியிடுவதைத் தள்ளிப்போடுங்கள். கைவிடப்பட்ட ஓப்பன் சோர்ஸ் திட்டம் உங்கள் பெயருக்கு வெளிநாட்டில் செய்யும் கெடுதல் அதிகம்.

வெளியே இருந்து உதவிப் பணம் கிடைக்க வழி உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். உண்டு. யுனிசெஃப் தன் புத்தாக்க நிதியிலிருந்து, தான் பணிபுரியும் நாடுகளில் பதிவான தொடக்கநிலை நிறுவனங்களுக்கு 1 லட்சம் டாலர் வரை, பங்கு எதுவும் கேட்காமல் கொடுத்து வருகிறது. ஓப்பன் சோர்ஸாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. இந்திய நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம். பணத்தைவிட, யுனிசெஃபின் பெயரோடு ஒரு நாட்டின் கல்வி அமைச்சகத்துக்குள் நுழைவது பெரிய விஷயம். விண்ணப்ப அறிவிப்பு வரும்போது துறையும் நிபந்தனைகளும் மாறும், அப்போதைய அறிவிப்பைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று சொல்லி முடிக்கிறேன். உங்கள் மென்பொருளில் தேர்வுப் பகுதி மட்டும் மற்றவர்களிடம் இல்லாதது என்று எழுதியிருந்தீர்கள். முழுவதையும் திறக்காமல் அதை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, மூடுலுக்கு ஒரு பிளகினாகவும், எல்டிஐ வழியாக மற்றவற்றோடு இணைவதாகவும் செய்வேன். பள்ளிக் கட்டணம், வருகைப் பதிவு போன்ற உள்ளூர்ப் பகுதிகளைத் திறக்க அவசரப்பட மாட்டேன். வெளிநாட்டில் அதை யாரும் கேட்கப் போவதில்லை. திறக்கும் முன்பே பெயரைப் பதிவு செய்வேன். வணிக முத்திரைகளைப் பல நாடுகளில் பதிவு செய்வதற்கான மாட்ரிட் நெறிமுறையில் இந்தியா 2013-இல் சேர்ந்துவிட்டதால், இங்கே விண்ணப்பித்த கையோடு ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிடலாம். ஒரே ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஏற்கெனவே மூடுல் வேலை செய்துகொண்டிருக்கும் சின்ன நிறுவனம் ஒன்றோடு பேசுவேன். அவர்களுக்கும் விற்க ஏதாவது புதிதாக வேண்டியிருக்கும்.

வெளியிடுவதற்கு முதல் நாள் செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் மென்பொருளைப் பார்த்தே இராத ஒரு ஆசிரியரைக் கூப்பிட்டு, ஒரு மடிக்கணினியும் நிறுவல் குறிப்பும் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள். அவர் எந்த வரியில் நின்று யோசிக்கிறார், எங்கே உங்களைத் திரும்பிப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களைத் திருத்திவிட்டு, வேறொரு ஆசிரியரை வைத்து மறுபடியும் பாருங்கள். ஒருவர் உங்கள் முகத்தைப் பார்க்காமல் ஒரு மணி நேரத்துக்குள் முதல் தேர்வை ஓட்டிக்காட்டினால், அன்றைக்கே வெளியிடலாம்.